வீரர்களுக்கு வேண்டியது மாலையா, வாக்கா?

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் அரசியல் கட்சிகள் தேடி ஓடும் முகங்களில் திரைப்பட நட்சத்திரங்களுக்கு அடுத்த இடம் விளையாட்டு வீரர்களுக்குத்தான். கட்சி அலுவலகத்தில் சால்வை போர்த்தப்படுகிறது. புகைப்படம் எடுக்கப்படுகிறது. சில நாள்களில் வேட்பாளர் பட்டியலில் பெயர் வருகிறது. வென்றவர்கள் நாடாளுமன்றத்துக்கு வருகின்றனர். தோற்றவர்களைக் கட்சியே மறந்துவிடுகிறது. ஆட்டக்காலம் முடிந்த ஒரு வீரர் எங்கே போகிறார், அவருடைய அனுபவம் யாருக்குப் பயன்படுகிறது, அவருடைய சொல்லுக்கு எந்த அவையில் மதிப்பிருக்கிறது என்ற கேள்விகளை எந்தக் கட்சியும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளை எழுப்புவதற்கு இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் தலைவர் பாய்சுங் பூட்டியாவின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பந்தை விட்டு விலகிய பிறகு அவர் பல களங்களில் இறங்கிப் பார்த்துவிட்டார். மக்களவைத் தேர்தல், இரு மாநிலங்களின் சட்டப்பேரவைத் தேர்தல்கள், இடைத்தேர்தல், சொந்தக் கட்சி, கட்சி இணைப்பு, கடைசியில் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் தேர்தல் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எதிலும் வெற்றி கிட்டவில்லை. 2024 ஜூன் மாதம், தேர்தல் அரசியல் தமக்கு ஏற்றதல்ல என்று அறிவித்து ஒதுங்கினார்.

அவர் தோற்றது வியப்புக்குரியதல்ல. தேர்தல் என்றால் தோல்வியும் உண்டு. ஆனால் எங்கே எப்படித் தோற்றார் என்பதைக் கூர்ந்து பார்த்தால், இந்த நாடு தன் வீரர்களை ஓய்வுக்குப் பின் எப்படி நடத்துகிறது என்பது விளங்கும்.

பூட்டியா 1976-ல் சிக்கிம் மாநிலத்தின் தின்கிதாம் என்ற மலைக்கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகையுடன் காங்டாக்கில் படித்தார். 1993-ல் பதினாறு வயதில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். 1996-97-ல் முதன்முறையாக நடத்தப்பட்ட தேசிய கால்பந்து லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. அணியில் அவரும் ஆடினார். 1997 ஜூலையில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1.31 லட்சம் பார்வையாளர்கள் முன்னிலையில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்ததை வங்கத்து ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. 1998-ல் அர்ஜுனா விருதும் 2008-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 27 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2011-ல் இந்தியா ஆசியக் கோப்பையில் ஆடியபோது அணியில் இருந்த மூத்தவர் அவரே. அதே ஆண்டு ஆகஸ்டில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். 2012 ஜனவரியில் தலைநகர் தில்லியின் ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியை வரவழைத்து அவருக்குப் பிரியாவிடை அளிக்கப்பட்டது.

அரசியலுக்கு வருவதற்கு முன்னரே அவருக்கு அரசியல் உணர்வு இருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் சுடர் தில்லிக்கு வந்தபோது, திபெத்திய மக்களின் போராட்டத்துக்கு அனுதாபம் தெரிவித்து அதை ஏந்த மறுத்தார். அதற்கு முன்பே, 2006-ல், இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். ஒப்பந்தம் மீறப்படும்போதும் ஊதியம் நிறுத்தப்படும்போதும் காயமடைந்த வீரர் கைவிடப்படும்போதும் கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சக வீரர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் ஓய்வுக்குப் பின் பொதுவாழ்வுக்கு வந்ததில் வியப்பில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் முதலில் நாடியது கால்பந்தையே. தில்லியில் தொடங்கிய கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளை வேறு நகரங்களுக்கும் விரிவுபடுத்தினார். யுனைடெட் சிக்கிம் என்ற கிளப்பை நடத்தினார். அந்த அணி 2012-ல் இரண்டாம் பிரிவை வென்று ஐ-லீக் போட்டிக்கு முன்னேறியது. ஆனால் நிதி நெருக்கடி சூழ, அடுத்த பருவத்திலேயே தரமிறக்கப்பட்டது. மலை மாநிலத்தில் பெரிய தொழில் நிறுவனங்களின் ஆதரவின்றி ஒரு தொழில்முறை அணியை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் அறிந்தார்.

2014 மக்களவைத் தேர்தலில் திரிணமூல் காங்கிரஸ் அவரைத் தார்ஜிலிங் தொகுதியில் நிறுத்தியது. கணக்கு எளிமையானது. மலைவாழ் மக்களுக்கு அவர் தம்மவர். சமவெளி வங்காளிகளுக்கு அவர் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் நாயகர். இரு தரப்பு வாக்குகளும் கிடைக்கும் என்று கட்சி எதிர்பார்த்தது. ஆனால் தார்ஜிலிங்கில் அப்போது தேர்தலைத் தீர்மானித்தது கோர்க்காலாந்து என்ற ஒற்றைச் சொல். கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவின் ஆதரவு பாஜக வேட்பாளர் எஸ்.எஸ். அலுவாலியாவுக்குக் கிடைத்தது. பூட்டியா சுமார் 1.97 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். தனி மாநிலம் கேட்கும் மலையில், அதை ஏற்காத கட்சியின் சின்னத்தில், ஒரு கால்பந்து வீரரின் புகழ் எவ்வளவு தூரம் செல்லும்?

2016 சட்டப்பேரவைத் தேர்தலில் அவருக்கு சிலிகுரி தரப்பட்டது. அங்கே எதிர்நின்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அசோக் பட்டாசார்யா. பல ஆண்டுகள் அமைச்சராகவும் பின்னர் அந்நகரின் மேயராகவும் இருந்தவர். பூட்டியா சுமார் 14 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். இரண்டு முறையும் கட்சி அவருக்கு அளித்தது எளிதில் வெல்லக்கூடிய தொகுதி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017-ல் தார்ஜிலிங் மலையில் கோர்க்காலாந்துக் கிளர்ச்சி மீண்டும் வெடித்தது. கட்சியின் நிலைக்கு மாறாகத் தனி மாநிலக் கோரிக்கையை பூட்டியா வெளிப்படையாக ஆதரித்தார். 2018 பிப்ரவரியில் திரிணமூல் காங்கிரஸிலிருந்து விலகினார். புகழுக்காக அழைக்கப்படும் வீரருக்குக் கட்சிகள் மேடையில் இடம் தருகின்றன. கட்சியின் கொள்கையை வகுக்கும் அறையில் அவருக்கு இருக்கை போடுவதில்லை. அவர் சொந்தக் கருத்தைச் சொல்லத் தொடங்கும்போது வாசல் கதவு திறக்கப்படுகிறது. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணம் அல்ல.

அதே ஆண்டு மே மாதம் சிக்கிமில் ஹம்ரோ சிக்கிம் கட்சியைத் தொடங்கினார். 2019 சட்டப்பேரவைத் தேர்தலில் காங்டாக், துமென்-லிங்கி ஆகிய இரு தொகுதிகளில் போட்டியிட்டு இரண்டிலும் தோற்றார். கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் காங்டாக் இடைத்தேர்தலிலும் தோல்வியே. 2023 இறுதியில் பவன் குமார் சாம்லிங்கின் சிக்கிம் ஜனநாயக முன்னணியில் தமது கட்சியை இணைத்தார். 2024-ல் தமது சொந்த மாவட்டத்தின் பர்ஃபுங் தொகுதியில் சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சா வேட்பாளரிடம் 4,346 வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சி 32 இடங்களில் 31-ஐக் கைப்பற்றியது. அலையை எதிர்த்து நின்றவர்களில் பூட்டியாவும் ஒருவர், அவ்வளவே.

இந்தத் தோல்விகளை வைத்துக்கொண்டு கால்பந்து வீரர்களை மக்கள் விரும்பவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. மேற்கு வங்கத்தின் ஹவுராவில் இந்திய அணியின் மற்றொரு முன்னாள் தலைவரான பிரசூன் பானர்ஜி 2013 இடைத்தேர்தலிலும், பின்னர் 2014, 2019, 2024 பொதுத்தேர்தல்களிலும் வென்றிருக்கிறார். 1979-ல் அர்ஜுனா விருது பெற்றவர், புகழ்பெற்ற பி.கே. பானர்ஜியின் தம்பி. அதே மாநிலத்தின் உலுபேரியா கிழக்குத் தொகுதியில் மோகன் பகான் முன்னாள் வீரர் பிதேஷ் போஸ் 2021-ல் சட்டப்பேரவைக்குத் தேர்வானார். ஆனால் மாநிலம் முழுவதும் ஆளுங்கட்சி வலுவாக இருந்த காலத்தில், அதன் கோட்டைகளில் கிடைத்த வெற்றிகள் இவை. பிரசூன் பானர்ஜியின் வெற்றியில் கால்பந்தின் பங்கு எவ்வளவு, கட்சி அமைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. வீரரின் புகழ் கட்சியின் பலத்தோடு சேரும்போது வெற்றியாகிறது. தனித்து நிற்கும்போது கூட்டமாக மட்டும் நின்றுவிடுகிறது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. உலகின் சிறந்த கால்பந்து வீரர் என்று 1995-ல் போற்றப்பட்ட ஜார்ஜ் வீயா, 2005-ல் லைபீரிய அதிபர் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். அவருக்குப் படிப்பில்லை என்று எதிரணியினர் ஏளனம் செய்தனர். அவர் படித்தார், 2014-ல் செனட் உறுப்பினரானார், 2018-ல் அதிபரானார். 2023 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தபோது முடிவை ஏற்றுப் பதவியை ஒப்படைத்தார். புகழைக் கடந்து அரசியலைத் தொழிலாகக் கற்றுக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. நம் கட்சிகள் வீரர்களுக்கு அளிப்பது பதின்மூன்று நாள் பிரசாரம்.

ஆயினும் பூட்டியாவின் தோல்விகளில் மிகவும் சிந்திக்க வைப்பது மக்கள் மன்றத்தில் கிடைத்தவை அல்ல. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி தில்லியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடைபெற்றது. பூட்டியாவை எதிர்த்து நின்றவர் முன்னாள் கோல்காப்பாளரும் மேற்கு வங்க பாஜக பிரமுகருமான கல்யாண் செளபே. வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் 34 பேர். செளபேவுக்கு 33 வாக்குகள். பூட்டியாவுக்கு ஒன்று.

தார்ஜிலிங்கில் தோற்றபோதும் அவருக்கு 2.9 லட்சம் பேர் வாக்களித்தனர். தாம் பதினாறு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடிய விளையாட்டின் தலைமையகத்தில் அவருக்கு ஒரே ஒருவர் வாக்களித்தார். கட்டணம் செலுத்தி மைதானத்தில் அமர்ந்தவர்களுக்கும், அந்த மைதானத்தை நிர்வகிப்பவர்களுக்கும் இடையே இருக்கும் தூரம் இதுதான்.

இந்த நிலை எப்படி உருவானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. காங்கிரஸ் தலைவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அவர் நோய்வாய்ப்பட்ட பிறகு தேசியவாத காங்கிரஸின் பிரபுல் படேல் பொறுப்பேற்றார். பதவிக்காலம் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தப்படாமல் அவர் நீடித்ததால், 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் தலையிட்டு அவரை விலக்கியது. நீதிபதி ஏ.ஆர். தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி, முன்னாள் இந்திய அணித் தலைவர் பாஸ்கர் கங்குலி ஆகியோர் அடங்கிய நிர்வாகிகள் குழு அமைக்கப்பட்டது. மாநிலச் சங்கங்களின் 36 பிரதிநிதிகளுக்கு இணையாக 36 முன்னாள் வீரர்களுக்கும் வாக்குரிமை அளிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது.

சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா இதை ஏற்கவில்லை. வெளியார் தலையீடு என்று கூறி 2022 ஆகஸ்ட் நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவில் நடைபெறவிருந்த 17 வயதுக்கு உள்பட்ட மகளிர் உலகக் கோப்பை கைநழுவும் நிலை ஏற்பட்டது. மத்திய அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. நிர்வாகிகள் குழு கலைக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து 36 வீரர்களும் நீக்கப்பட்டனர். அதன் பிறகே தடை விலகியது. அதற்கடுத்த வாரம் நடந்த தேர்தலின் முடிவைத்தான் மேலே கண்டோம்.

வீரர்களுக்குச் சரிபாதி வாக்கு என்பது அதிகம் என்று ஃபிஃபா கருதியதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாவட்ட அளவில் போட்டிகளை நடத்துவதும் நடுவர்களை உருவாக்குவதும் மாநிலச் சங்கங்களே. அந்தச் சுமையை ஏற்காதவர்களுக்குச் சமமான அதிகாரம் தரலாமா என்ற கேள்வி கேட்கத் தக்கதே. ஆனால் சரிபாதி அதிகம் என்றால் பூஜ்யம் சரியாகிவிடுமா? தேர்தலுக்குப் பின் பூட்டியா, ஐ.எம். விஜயன், ஷபீர் அலி, கிளைமாக்ஸ் லாரன்ஸ் ஆகியோருடன் இரு வீராங்கனைகளும் நிர்வாகக் குழுவில் நியமனம் செய்யப்பட்டனர். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் நியமிக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை அரசியல் அறிந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வேறுபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. 2024 ஜூலையில் தேசிய அணிக்கு மனோலோ மார்க்கஸ் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டபோது, தொழில்நுட்பக் குழுவைக் கலந்தாலோசிக்கவே இல்லை என்று கூறி அக்குழுவிலிருந்து பூட்டியா விலகினார். நாட்டுக்காக ஆடியவர்கள் அடங்கிய குழு ஒன்று இருந்தும், ஆட்டத்தைப் பற்றிய தலையாய முடிவில் அதன் கருத்து கேட்கப்படவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இங்கே எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகக் கருத வேண்டும். கல்யாண் செளபேவும் முன்னாள் வீரர்தான். சம்மேளனத்தின் வரலாற்றில் தலைவர் பதவிக்கு வந்த முதல் முன்னாள் வீரர் அவர். கிருஷ்ணநகர் மக்களவைத் தொகுதியில் 2019-லும் மானிக்தலா சட்டப்பேரவைத் தொகுதியில் 2021-லும் தோற்றவர் என்பதால் தேர்தல் களத்தில் பூட்டியாவுக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவரது தலைமையின்கீழ்தான் 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டு, சில கிளப்புகள் வீரர்களின் ஊதியத்தையே நிறுத்தும் நிலை வந்தது. 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இந்தியா இழந்தது. ஆகவே நாற்காலியில் ஒரு முன்னாள் வீரரை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மாயை. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே முக்கியம். வீரர்களின் வாக்கே தேவைப்படாத தலைவர், வீரர்களின் ஊதியம் நின்றால் யாருக்கு அஞ்ச வேண்டும்?

பூட்டியாவுக்குப் புகழும் வசதியும் உண்டு. தோற்றாலும் அவர் வாழ்க்கை நின்றுவிடாது. பெயர் தெரியாத பல நூறு வீரர்களின் நிலை என்ன? கால்பந்து வீரர் முப்பத்தைந்து வயதைத் தாண்டி ஆடுவது அரிது. அதற்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் குடும்பத்தைக் காக்க உழைத்தாக வேண்டும். முந்தைய தலைமுறைக்கு இதற்கான விடை அரசுப் பணியாக இருந்தது.

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனான ஐ.எம். விஜயனுக்குக் கேரள காவல்துறை வேலை கொடுத்தது. நாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரானார். சாந்தம் என்ற மலையாளப் படத்தில் நடித்தார். திமிரு படத்தின் வாயிலாகத் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானார். 2025-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரலில் காவல்துறையிலிருந்து துணை கமாண்டன்டாக ஓய்வு பெற்றார். மகளிர் கால்பந்தின் முன்னோடியான ஒயினம் பெம்பெம் தேவியைத் தாங்கியது மணிப்பூர் காவல்துறை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தாலிமெரன் ஆவ் மருத்துவம் படித்தவர். பின்னாளில் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார். விளையாட்டுக்குப் பின்னரும் பயனுள்ள வாழ்க்கை உண்டு என்பதற்கு இவர்கள் சான்று.

மறுபக்கமும் உண்டு. செகந்திராபாத் அருகே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகிய மூவருமே 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் தூண்கள். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்ட பலராமுக்குக் கிடைக்கவில்லை. கொல்கத்தா அருகே உத்தர்பாடாவில் தனிமையில் வாழ்ந்து 2023-ல் மறைந்தார். இந்திய அணியின் தலைவராக இருந்த கேரளத்தின் வி.பி. சத்யன் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியாற்றியவர். காயங்களும் மனச்சோர்வும் வாட்ட, 2006-ல் சென்னையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வேலை இருந்தது. ஆட்டத்தை இழந்த மனத்துக்கு ஆறுதல் சொல்ல அமைப்பு இல்லை.

இன்றைய தலைமுறைக்கு அந்த வேலையும் சுருங்கிவிட்டது. முன்பு வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் அணிகளை வைத்திருந்தன. பிறகு வந்த தனியார் நிறுவன அணிகளிலும் மகிந்திரா யுனைடெட் 2010-லும் ஜே.சி.டி. 2011-லும் கலைக்கப்பட்டன. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்த பிறகு ஒப்பந்த ஊதியம் பெருகியது உண்மை. ஆனால் அது சிலருக்குச் சில ஆண்டுகள் கிடைக்கும் பணம். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் ஓய்வூதியமும் இல்லை, வருங்கால வைப்புநிதியும் இல்லை.

மத்திய அரசு சாதனை வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்குகிறதே என்று கேட்கலாம். 1994 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் திட்டத்துக்கு அளவுகோல் பதக்கம். ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசியப் போட்டி, காமன்வெல்த் போட்டி ஆகியவற்றில் பதக்கம் வென்றிருக்க வேண்டும். 2018-ல் திருத்தப்பட்ட விகிதப்படி ஒலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய். ஆசியப் போட்டித் தங்கத்துக்கு 14 ஆயிரம் ரூபாய். காமன்வெல்த் போட்டியில் கால்பந்து இல்லை. ஒலிம்பிக்கில் 1956 மெல்போர்னில் பெற்ற நான்காம் இடமே இந்தியாவின் உச்சம். ஆசியப் போட்டியில் கடைசியாகக் கிடைத்தது 1970 பாங்காக் வெண்கலம். அதாவது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் எவரும் இந்தத் திட்டத்தின்கீழ் ஒரு ரூபாய்கூடப் பெற முடியாது. பூட்டியாவும் விஜயனும் இதில் அடக்கம். அணி வெல்லாததற்கு நிர்வாகமும் காரணம். தண்டனை மட்டும் வீரருக்கு.

வறுமையில் வாடும் வீரர்களுக்கு தேசிய நல நிதி ஒன்று 1982 முதல் இருக்கிறது. ஆனால் அது விண்ணப்பித்துக் காத்திருந்து பெறும் உதவி. ஓய்வு பெற்ற வீரர்களுக்குத் தொழிற்கல்வியும் பயிற்சியும் அளிக்க 2024 ஆகஸ்டில் ரீசெட் என்ற திட்டத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சி. எத்தனை பேருக்கு உண்மையில் வேலை கிடைத்தது என்ற கணக்கை நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும்.

நாடாளுமன்றத்துக்கு வேறொரு கடமையும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு இலக்கியம், அறிவியல், கலை, சமூகப் பணி ஆகிய துறையினரை மாநிலங்களவைக்கு நியமிக்க வகைசெய்கிறது. அந்த வரிசையில் விளையாட்டு இல்லை. ஆயினும் 2012-ல் சச்சின் டெண்டுல்கரும் 2016-ல் மேரி கோமும் 2022-ல் பி.டி. உஷாவும் நியமிக்கப்பட்டனர். சச்சின் அவைக்கு அரிதாகவே வந்தார் என்ற விமர்சனம் எழுந்தது. புகழின் உச்சியில் இருப்பவரை அலங்காரத்துக்காக அழைத்தால் விளைவு அப்படித்தான் இருக்கும். வீரர்கள் சங்கத்தில் உழைத்தவர், பயிற்சிப் பள்ளி நடத்தியவர், ஊதிய நிலுவைக்காக வாதாடியவர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தால் அவைக்கும் பயன், விளையாட்டுக்கும் பயன்.

மாற்றத்துக்கான வாசல் அடைபட்டுவிடவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவிலும் குறைந்தது 2 சிறந்த வீரர்களும் 4 பெண்களும் இடம்பெற வேண்டும். 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி, நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்த கால்பந்து சம்மேளன விதிமுறைகளை உச்சநீதிமன்றம் சில திருத்தங்களுடன் ஏற்றது. 14 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் 5 முன்னாள் வீரர்கள், அவர்களில் இருவர் பெண்கள் என்பது அதன் சாரம். பொதுக்குழுவிலும் வீரர்களுக்கு இடம் உண்டு. 2022-ல் தேர்வான குழு 2026 செப்டம்பர் வரை தொடர நீதிமன்றம் அனுமதித்தது. அதன் பிறகு நடைபெறும் தேர்தலே இந்த விதிகளுக்கு உண்மையான சோதனை.

விதிகள் தாளில் இருந்தால் போதாது. 2011-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டு நெறிமுறையே வீரர்களுக்கு 25 சதவீத இடம் கூறியிருந்தது. அதை மதித்திருந்தால் 2022-ல் நீதிமன்றம் தலையிட வேண்டிய அவசியமே வந்திருக்காது. இந்த முறையும் மாநிலச் சங்கங்கள் தங்களுக்கு வேண்டிய வீரர்களை மட்டும் அழைத்துவந்து இடங்களை நிரப்பிவிடக்கூடும். அதைத் தடுக்க வீரர்களின் பிரதிநிதிகளை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநில, மாவட்டச் சங்கங்களிலும் அதே முறை வர வேண்டும். வீரர்கள் சங்கத்தை நிர்வாகம் எதிரியாகப் பார்க்காமல் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக ஏற்க வேண்டும். தேசிய அணிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆடியவர்களுக்கும் ஓய்வூதியம் கிடைக்கும்படி மத்திய அரசு திட்டத்தைத் திருத்த வேண்டும். ஒப்பந்த வீரர்களின் ஊதியத்தில் ஒரு பகுதியும் கிளப்பின் பங்கும் வைப்புநிதியாகச் சேர்க்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

அரசியல் கட்சிகளும் தங்கள் வழக்கத்தை மறுபரிசீலனை செய்வது நல்லது. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு வீரரைத் தேடிச் செல்வதைவிட, ஓய்வு பெற்ற அன்றே அவருக்கு மாவட்ட விளையாட்டுக் குழுவிலோ கட்சியின் கொள்கைக் குழுவிலோ பொறுப்புக் கொடுத்தால் ஐந்தாண்டுகளில் அவர் மக்களறிந்த தொண்டராகியிருப்பார். தோற்றாலும் அவருக்குச் செய்வதற்கு வேலை இருக்கும்.

தேர்தல் அரசியலிலிருந்து விலகியபோது, விளையாட்டு, சுற்றுலா வளர்ச்சி குறித்துத் தம்மிடம் திட்டங்கள் இருந்ததாகவும் வாய்ப்புக் கிடைத்திருந்தால் செயல்படுத்தியிருப்பேன் என்றும் பூட்டியா கூறினார். சுற்றுலாத் திட்டத்தை நிறைவேற்ற ஒருவர் அமைச்சராக வேண்டியிருக்கலாம். கால்பந்துக்கான திட்டத்தைச் சொல்லவும் அதற்கு ஆதரவு திரட்டவும் ஒரு முன்னாள் இந்திய அணித் தலைவர் கட்சி கட்சியாக அலைய வேண்டிய நிலை இருந்தது என்பதே இந்த நாட்டின் விளையாட்டு நிர்வாகத்துக்கு நேர்ந்த தோல்வி. அடுத்த முறை கால்பந்து சம்மேளனத்தின் வாக்குப்பெட்டி திறக்கப்படும்போது, அதற்குள் பந்தை உதைத்த கால்களுக்குச் சொந்தக்காரர்களின் வாக்குகளும் இருக்க வேண்டும்.